ஏழு என்பவர்

"ஒரு நாள் உங்க வகுப்புல வந்து உக்காரணும்."

"எதுக்கு? என்னைப் பரீட்சை பண்ணவா?"

"இல்லங்க, சும்மாதான். கதவோரமா ஒரு பெஞ்சு இருக்கும்ல, அதுல உக்காந்து பாக்கணும்."

"வேண்டவே வேண்டாம் தாயே. நீ வந்து உக்காந்தா எனக்கு ரெண்டும் ரெண்டும் நாலுன்னுகூட வராது. பிள்ளைங்க முன்னாடி மானம் போயிடும்."

கல்யாணமான புதிதில் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி பேசிய பேச்சு. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். ஒரு தடவை கேட்டு இல்லை என்றாகிவிட்டால் மறுபடி கேட்கிற ரகம் அவள் இல்லை என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது காலம் போயிருந்தது. பிறகு அவனாகப் போய், "நீ ஒரு நாள் வாயேன்" என்று சொல்ல என்னவோ கூச்சம். சொல்லாமல் விட்ட பேச்சு வயசாக ஆகக் கெட்டியாகிவிடுகிறது.

அவன் நாலாம் வகுப்பு வாத்தியார். அவள் தேசியத் திட்ட அலுவலகத்தில் பள்ளிக்கூடப் பிரிவில் இருக்கிறாள். நாட்டிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் அடுத்த பத்து வருஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் எழுதுகிற பிரிவு. முந்தைய திட்டங்கள் எல்லாம் எத்தனை வகுப்பறை, எத்தனை குழாய், எத்தனை மேசை என்று எண்ணிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை வேறு கேள்வி. இத்தனையும் கட்டிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா?

"கடகடன்னு வாசிக்கறாங்க" என்பாள். "என்ன கண்ணு வாசிச்சேன்னு கேட்டா முழிக்கறாங்க. அது ஏன்னு ஆபீஸ்ல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது."

அதனால் சீட்டுக் குலுக்கிப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேர் போவார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்கப் பார்ப்பார்கள். தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. வகுப்பில் நடப்பதைப் படிவத்தில் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஆசிரியர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். யாருக்கும் பின்னால் தொந்தரவு வரக் கூடாது என்று அந்த ஏற்பாடு.

அப்படித்தான் ஏழு அவர்கள் வீட்டுக்குள் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்றாள்.

"இன்னைக்கு ஏழைப் பாத்தேன்."

"எந்த ஏழையை? காசு ஏதும் குடுத்தியா?" என்றான் அவளுடைய தம்பி. செல்போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவன். கடைக்குப் பக்கம் என்று சொல்லிக் கொஞ்ச நாளுக்கு வந்து தங்கினான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

"ஏழாம் நம்பர்டா. பேர் சொல்லக் கூடாது." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கறாங்க. அவ்வளவுதான். ஜன்னலைப் பாக்கறாங்க, விரல் நகத்தால சாக்பீஸைத் தட்டறாங்க. எங்களுக்கே சங்கடமா இருக்கு. அப்புறம் எங்கேயோ மூலைலேர்ந்து, கையே தூக்காத ஒரு பிள்ளை வாயைத் திறக்குது. நான் அப்படியே உக்காந்துட்டேன். படிவத்தை நிரப்பவே மறந்து போச்சு."

அவனுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் சுருக்கென்றது. பால்காரர் ரசீதில்கூடத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குகிறவள் அவள். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் மாப்பிள்ளை தன் பிறந்த தேதியைத் தப்பாக எழுதியபோது, மாலையோடு குனிந்து அதைத் திருத்தியவள். அவள் ஒரு படிவத்தை நிரப்ப மறந்தாளாம்.

"நாங்களும்தான் கேள்வி கேக்கறோம்" என்றான்.

"எல்லாரும்தான் கேக்கறாங்க. பதிலையும் அவங்களே சொல்லிடறாங்க."

"நான் சொல்றதை நீ பாத்தியா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "பாக்கல" என்றாள். முகம் கழுவப் போய்விட்டாள்.

அதிலிருந்து ஏழு இல்லாத நாளே இல்லை. டீ குடிக்கும்போது ஏழு, துணி மடிக்கும்போது ஏழு. "ஏழா இருந்தா இந்த இடத்துல என்ன கேட்டிருப்பாங்க தெரியுமா?" என்று தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். செய்தியில் காட்டியது மழை நிலவரம். இரண்டாவது முறை அதே பள்ளிக்குப் போக அனுமதி வாங்கினாள். அன்று காலை தலைவாருவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டதாக அவனுக்குப் பட்டது. கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாளா, அல்லது அவன்தான் அன்றைக்குக் கதவருகில் நின்று கவனித்தானா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

"மாமா, உங்க காதுலேர்ந்து புகை வருது" என்றான் மைத்துனன்.

"போடா. வேலை விஷயமாப் பேசறா."

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்க வேலை, அக்கா வேலை, ரெண்டுக்கும் நடுவுல ஏழோட வேலை."

ஒரு சனிக்கிழமை அவள் திட்டத்தின் நாலாவது அத்தியாயத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். 'வகுப்பறைக்குள் நடப்பது' என்று தலைப்பு. வல்லின ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் அந்த வீட்டில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் எழுதுவது எதுவும் அவன் கண்ணில் படாமல் அலுவலகத்துக்குப் போகாது.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தான். மூன்றாம் பக்கத்தில் அந்த ஆள் வந்துவிட்டார்.

'ஆசிரியர் ஏழு, கேள்வி கேட்டபின் காத்திருக்கிறார். அவர் தவறான விடையைத் தவறு என்று சொல்வதில்லை. அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று கேட்கிறார். அவருடைய வகுப்பில் மாணவர்கள் தவறு செய்ய அஞ்சுவதில்லை.'

அவர், அவருடைய, அவரிடம். ஒவ்வொரு 'அவர்' வரும்போதும் அவனுக்கு ஆள் இன்னும் தெளிவாகத் தெரிந்தார். உயரமானவர். முழங்கை வரை மடித்துவிட்ட நீலச் சட்டை. நெற்றியில் விழுகிற முடி. குரல் கனமானது, ஆனால் அதிகம் பேச மாட்டார். அதுதானே அவருடைய விசேஷமே. ஜன்னலோரம் நின்று வெளியே பார்ப்பார். இவள் கடைசி பெஞ்சில் பேனாவை மறந்து உட்கார்ந்திருப்பாள்.

'காத்திருக்கிறார்' என்பதற்கு முன்னால் 'வெறுமனே' என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தான்.

அவள் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது சந்திப் பிழையா?"

"கருத்துப் பிழை."

"ம்" என்றாள். 'வெறுமனே'யை அடித்துவிட்டு, "அப்புறம் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கடைசிச் சுற்றுச் சீட்டுல உங்க ஸ்கூலும் வந்துச்சு. சொந்தக்காரங்க இருக்கிற ஸ்கூலுக்கு நாங்க போகக் கூடாதுன்னு ரூல். நான்தான் எடுத்துடச் சொன்னேன்" என்றாள்.

வெகு சாதாரணமாகச் சொன்னாள். அவன் பேனாவின் மூடியைத் தேடுவது போலச் சோபாவுக்கு அடியில் குனிந்துகொண்டான். நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள். அத்தனையிலும் சீட்டு அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு விழுந்திருக்கிறது. அதையும் அவள் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டாள். இனி அவள் எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு அவன் வகுப்புக்கு வரப்போகிறாள்?

திங்கட்கிழமை பின்னப் பாடம். கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்தான்.

"ஒரு ரொட்டில மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

"நாலுல ஒண்ணு!" என்று வகுப்பே கத்தியது. நாலு மூன்றைவிடப் பெரியதாயிற்றே.

வழக்கமாக இந்த இடத்தில் அவன், "அதான் இல்ல, இங்க பாருங்க" என்று சாக்பீஸை எடுத்துவிடுவான். அன்று எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அந்த நீலச் சட்டைக்காரனுக்கு வருவது தனக்கு வராதா என்கிற ஆத்திரம்தான், வேறு உயர்ந்த நோக்கம் ஒன்றும் இல்லை. சாக்பீஸை நகத்தால் தட்டினான்.

வகுப்பு குழம்பிப் போனது.

"சார், தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் ஒருவன். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சார் கோவமா இருக்காரு" என்று முதல் வரிசையில் கிசுகிசு. அவனுக்கே வியர்த்தது. இவ்வளவு நீளமான மௌனத்தை அவன் பரீட்சை அறையில்கூடக் கேட்டதில்லை.

அப்போது கதவோரப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பில் 'சைலன்ட்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த பெண். வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்வதைத் தவிர அவள் வாய் திறந்து அவன் கேட்டதில்லை.

"மூணுல ஒண்ணுதான் சார் பெருசு."

"எப்படிச் சொல்றே?"

"முன்னாடி எங்க வீட்ல நாங்க மூணு பிள்ளைங்க. இப்போ தம்பி பொறந்து, அவனுக்கும் பல்லு வந்துடுச்சு. ரொட்டி அதே ரொட்டிதான். என் துண்டு சின்னதாயிடுச்சு."

சொல்லும்போது அவள் முகத்தில் அந்தத் தம்பி மீது அப்படியொரு கடுப்பு. வகுப்பு சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கரும்பலகையைப் பார்த்து, வீட்டில் பங்கு கேட்கிறவர்களை மனதில் எண்ணி, "ஆமால்ல" என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தான். இதை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். உலகத்தில் இதன் ருசி புரிகிற ஒரே ஆள் அவள்தான். கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். சொன்னால் அவள் என்ன கேட்பாள்? "பரவாயில்லையே, எப்படிக் காத்திருக்கத் தோணுச்சு?" என்பாள். உடனே ஏழு வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார்.

"என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயில் ஜாஸ்தி."

வாரம் முழுக்க அந்த ரொட்டித் துண்டு அவன் தொண்டையிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அலுவலகத் தோழி ஒருத்தியிடமிருந்து அழைப்பு வந்தது. பேசி வைத்துவிட்டு, "அய்யோ, மூணாவது தடவை போகலாம்னு இருந்தோம். ஏழு, நாளைலேர்ந்து லீவாம்" என்றாள்.

அவனுக்குச் சாப்பாடு திடீரென்று ருசித்தது. "ஏனாம்? காத்திருந்து காத்திருந்து களைச்சுப் போயிட்டாரா?"

"பிரசவ லீவுங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "யாருக்குப் பிரசவம்?"

"ஏழுக்குத்தான்."

மைத்துனனுக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிக்கொண்டே, "அப்போ ஏழுக்கு எட்டு பொறக்கப் போகுதுன்னு சொல்லுங்க" என்றான். அவன் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் அசடு வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. 'வெறுமனே' உட்பட.

"ஆம்பளைன்னா நினைச்சீங்க?"

"நீதானே 'அவர்' 'அவர்'னு எழுதியிருந்தே."

"எங்க ஆபீஸ்ல எழுத்துல எல்லாரும் அவர்தான். வீட்ல நான் 'அவங்க'ன்னுதானே சொன்னேன்?"

"நீ பால்காரரையே அவங்கன்னுதான் சொல்றே."

"மாமா, ஒற்றெல்லாம் சரியாப் பாத்தீங்க, ஆளை விட்டுட்டீங்களே" என்று மைத்துனன் எழுந்தான். "நான் கடைக்குப் போறேன். இதைக் கஸ்டமர்கிட்ட சொல்லலைன்னா எனக்குச் செரிக்காது."

"ஞாயித்துக்கிழமை ஏதுடா கடை?" என்றாள் அக்கா. அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

கணவன் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்தான். நீலச் சட்டை போய்விட்டது, நெற்றி முடியும் போய்விட்டது. முதல் தட்டைத் தேய்க்கும் வரை மனசு பஞ்சாக இருந்தது. இரண்டாவது தட்டில் பழையபடி கனத்துவிட்டது. ஆணோ பெண்ணோ, அந்தம்மா வகுப்பில் இவள் போய் உட்கார்ந்தாள். ஒன்றல்ல, இரண்டு தடவை. உட்கார்ந்து தன்னை மறந்தாள். இவன் வகுப்பின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவள் துடைக்கிற துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"இத்தனை நாளும் பொறாமையா?"

"ஆமா."

ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலும். துணி ஒரு நொடி நின்றது. "அதான் பொம்பளைன்னு தெரிஞ்சிடுச்சே. இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"தெரிஞ்சிடுச்சு. ஆனா போக மாட்டேங்குது."

பிறகு, தட்டைத் தேய்த்தபடியே, அவளைப் பார்க்காமல், ரொட்டிக் கதையைச் சொன்னான். தண்ணீர் பாட்டில், கிசுகிசு, வியர்த்தது, சைலன்ட், பல் முளைத்த தம்பி எல்லாவற்றையும் சொன்னான். ஏழைக் காப்பியடித்ததையும் மறைக்கவில்லை. அவள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் துண்டு சின்னதாயிடுச்சுன்னா சொன்னா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு எங்க உக்காருவா?"

"கதவோரமா. அந்தப் பெஞ்சுல அவ மட்டும்தான். பக்கத்துல இடம் இருக்கு."

அவள் குழாயை மூடினாள்.

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். வழக்கமாக இந்த இடத்தில், "டீ போடட்டுமா? கொஞ்ச நேரம் படுக்கறீங்களா?" என்று பதிலையும் அவளே கொடுத்துவிடுவாள். இப்போது கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். விரல் நகத்தால் தட்டின் விளிம்பை லேசாகத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவனுக்கு வகுப்பில் வியர்த்த மாதிரியே வியர்த்தது. கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒரு நாள் லீவு போடு" என்றான். "படிவம் வேண்டாம், நம்பர் வேண்டாம். என் வகுப்புல வந்து உக்காரு."