அரைக்கம்பத்துக் கொடி

கூட்டுறவுக் கடைக்காரி கறுப்பு ரொட்டியையும் வெண்ணெயையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பொடிலின் விரல்களைப் பிடித்தவள் விடவே இல்லை. "கஷ்டந்தான் பொடில். என்னத்தச் சொல்ல" என்றாள். வீட்டில் மூன்று வாரமாகத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கும் படப்பிடிப்புக் கூட்டத்தைத்தான் சொல்கிறாள் என்று பொடில் நினைத்துக்கொண்டாள். இன்னும் மூன்று நாள்தான், அப்புறம் தொலைந்தது சனியன் என்று சிரித்தாள். கடைக்காரியின் முகம் வெளுத்துப் போனது. பொடிலுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் விகோவின் வீட்டைக் காரில் கடக்கும்போது அவர் முற்றத்துக் கொடி அரைக்கம்பத்தில் தொங்குவதைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்து வீடுகளும் கொடியை இறக்கும். விகோவுக்கு நாயைத் தவிர யாருமில்லை. அப்படியானால் யார் போனது என்று யோசித்தபடியே பாப்லார் மர வரிசையைத் தாண்டினாள். தன் வீட்டுக் கொடியும் பாதியில் நின்றது.

கணவர் தோர்கிலைக் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். பிப்ரவரியில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த அரை கிலோமீட்டரை எப்படி ஓட்டி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கார்க் கதவைச் சாத்தக்கூட இல்லை.

அவர் உட்கார வைத்த இடத்திலேயே இருந்தார். தாடையில் கஞ்சி காய்ந்திருந்தது. இடது கையால் வெளியே கொடியைக் காட்டி, "யா... யாரு?" என்றார்.

பொடில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை அடங்கின இடத்திலேயே கோபம் மூண்டது.

கடைசிப் பிள்ளை யெப்பே கோபன்ஹேகனிலிருந்து முதல் படம் எடுக்க வந்திருந்தான். கையில் காசில்லை. அதனால் வீடு, தொழுவம், மாடுகள், அம்மா பொரிக்கும் இறைச்சி உருண்டை எல்லாம் இனாம். கிழட்டுப் பண்ணைக்காரர் சாகிறார், மூன்று பிள்ளைகள் நிலத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், அதுதான் கதை. அந்தக் கிழவரின் தொப்பியும், மாடுகளைக் கூப்பிட அவர் அடிக்கும் சீழ்க்கையும் அச்சு அசலாகத் தோர்கிலுடையவை. இது உங்கப்பாதானே என்று கதையைச் சொன்ன அன்றே அவள் கேட்டாள். கற்பனைதாம்மா என்று சிரித்து மழுப்பினான். மகன் மூன்று வாரம் வீட்டோடு இருக்கிறானே என்ற ஆசையில் அவளும் நம்பித் தொலைத்தாள்.

முற்றத்தில் யெப்பேயும் அவன் கூட்டமுமாக ஐந்து பேர் கேமராவைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"கொடியை ஏத்துடா" என்றாள்.

"பத்தே நிமிஷம்மா. இப்பத்தான் மேகம் விலகுது."

"உங்கப்பா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருடா."

"அவருக்கு எங்கம்மா புரியப்போவுது."

இவனை ஓங்கி ஒன்று விட்டால் என்ன என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. பெற்ற அப்பனை உயிரோடு கொன்று கம்பத்தில் ஏற்றிவிட்டு, வெளிச்சம் பார்த்துக்கொண்டிருக்கிறான். கயிற்றை நோக்கி நடந்தாள். அதற்குள் வாசலில் விகோ வந்து நின்றார்.

வடிகால் வாய்க்கால் தகராறில் பதினோரு வருடமாக இந்த வீட்டுப் படியேறாத மனிதர். பொத்தான் போட முடியாத கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். தோட்டத்துப் பூக்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தொப்பியைக் கழற்றினார். "வாய்க்கால் என்ன பெரிய வாய்க்கால். நான் விட்டுக் குடுத்திருக்கணும் பொடில்" என்றவர், மேலே பேச முடியாமல் குழந்தை மாதிரி விசும்பினார்.

கேமராக்காரப் பெண் சத்தமில்லாமல் கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். பேசாதே என்று யெப்பே அம்மாவுக்குக் கை காட்டினான்.

பொடில் பேசினாள். "விகோ, அவருக்கு ஒண்ணுமில்ல. உள்ளதான் இருக்காரு. இதெல்லாம் படத்துக்காக இவன் பண்ணின கூத்து."

விகோ ஜன்னலைப் பார்த்தார். தோர்கில் இடது கையைத் தூக்கினார். விகோவின் முகம் மலர்ந்தது. அப்புறம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவைக் கண்டார். காது மடல்வரை சிவந்துபோய், பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எழுபது வயது மனிதர். பொடில் மகன் பக்கம் திரும்பினாள்.

"எடுத்ததை அழி" என்றாள்.

"அம்மா, காசு குடுத்தாலும் இப்படி ஒருத்தர் நடிக்க மாட்டாரு. முழுப் படத்துலயும் இது ஒண்ணுதான் உண்மை."

"உண்மைதான். ஆனா அது உன்னுது இல்லடா."

யெப்பே கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. விகோ வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று தடுமாறினார். உள்ளே தோர்கில் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். வா என்று கூப்பிடுகிற தட்டுதான்.

"போங்க விகோ. உங்களத்தான் கூப்பிடுறாரு" என்றாள் பொடில்.

அவள் கேமராவுக்கு நேராக நடந்து, வயிறு லென்ஸில் முட்டும்வரை போய் நின்றாள். காலையிலிருந்து கழற்றாத ஏப்ரனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அம்மா, அம்மா என்று யெப்பே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதை வீட்டுப் பக்கமே வைத்திருந்தாள். விகோ மிதியடியில் காலைத் துடைத்தார். ஒருமுறை துடைத்து, மறுபடியும் துடைத்தார். கதவு திறந்தது. அதைச் சாத்தும் சத்தத்துக்காக, கை வலிக்க வலிக்க, அவள் ஏப்ரனை விரித்தபடி நின்றாள்.