மேற்கே சூலம்

ஓரகத்தி சௌந்தர்யா உலகத்தைச் சுற்றப் போகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பெருந்தேவிக்குச் சோறு இறங்கவில்லை. காஞ்சிபுரம் போய் வரவே கணவர் வரதராஜுலுவிடம் நாலு தரம் கெஞ்ச வேண்டும் அவள். சௌந்தர்யாவோ துபாய், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ, சிங்கப்பூர் என்று ஒரே டிக்கெட்டில் பூமியைச் சுற்றிவிட்டு மறுபடி பிள்ளைப்பாக்கத்துக்கே வந்து இறங்குவாளாம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம். வரதராஜுலு அவசரப்பட்டு முதலில் விற்றார். மகள் கல்யாணத்தோடு அந்தக் காசு போயிற்று. தம்பி நம்பிராஜன் ஆறு வருஷம் பொறுத்திருந்து, கிடங்கு கட்ட இடம் தேடிக் கம்பெனிக்காரர்கள் அலைந்தபோது விற்றான். வரப்புக்கு அந்தப் பக்கம் பாரிஸ், இந்தப் பக்கம் ரேஷன் அரிசி. யாருக்குத்தான் வயிறு எரியாது?

டிக்கெட்டை நம்பிராஜன் போனிலேயே வாங்கிவிட்டான். அதைக் காட்டத்தான் சௌந்தர்யா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்.

"ஒரே பக்கமாத்தான் போவணுமாம்கா. மேக்கால கிளம்புனா கடைசி வரைக்கும் மேக்காலயே போய்க்கினு இருக்கணும். கோயில் பிரகாரம் சுத்துறாப்ல, நடுவுல திரும்பக் கூடாது."

"என்னிக்குக் கிளம்புறீங்க?"

"அடுத்த மாசம், பத்தாந்தேதி. வெள்ளிக்கிழமை."

பெருந்தேவியின் வாய் முந்திக்கொண்டது. "வெள்ளிக்கிழமை மேக்கால சூலமாச்சேடி!"

சௌந்தர்யா பெரம்பூரில் வளர்ந்தவள். அவள் வீட்டில் எல்லாம் போன்தான், தினசரி காலண்டரே கிடையாது. "அப்டின்னா இன்னாக்கா?" என்றாள்.

"அன்னிக்கு அந்தத் திசைல போனா காரியம் வெளங்காதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் உன் இஷ்டம்."

சொன்னது பொய்யில்லை. காலண்டர் தாளில் சூலத்துக்குக் கீழேயே பரிகாரமும் போட்டிருக்கும். வெள்ளிக்கிழமைக்கு வெல்லம். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு தாராளமாகக் கிளம்பலாம். அந்த ஒரு வரியைத்தான் பெருந்தேவி விழுங்கிவிட்டாள். சௌந்தர்யாவின் முகம் வாடியதைப் பார்த்த பிறகு, அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

நாள் மாற்றலாம் என்று பார்த்தால், அந்த டிக்கெட்டுக்கு மேற்கே போகிற விமானம் வெள்ளியும் ஞாயிறும்தான். ஞாயிற்றுக்கிழமையும் மேற்கேதான் சூலம். சரி, கிழக்கே கிளம்பித் தலைகீழாகச் சுற்றுவோம் என்று நம்பிராஜன் முடிவெடுத்தான். வாங்கும்போது பல்லைக் காட்டிய இணையதளம் மாற்றும்போது பிழை, பிழை என்றது. போன் போட்டால் முக்கால் மணி நேரம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் வந்து, திசை மாறினால் அது வேறு டிக்கெட், பழைய விலை போயிற்று, எல்லா ஊருக்கும் இன்றைய விலைதான் என்றாள். இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் அதிகம். முணுமுணுத்துக்கொண்டே கட்டினான்.

கேட்டபோது பெருந்தேவிக்கு இனித்தது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்ட முடிகிறதே இவர்களால்! எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

புதுப் பயணம் பதினோராந்தேதி, சனிக்கிழமை. முதல் நாள் சாயங்காலம் சௌந்தர்யா மறுபடி வந்தாள். பெட்டி கட்டிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அக்கா, சனிக்கிழமை கிழக்கால எதுனா கீதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இதுவும் ஆவாதுன்னா எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு வூட்டோட கெடக்கலாம்னு அவரு சொல்லிட்டாரு."

சனிக்கிழமை கிழக்கேதான் சூலம். பொய்கூடச் சொல்ல வேண்டாம், ஆமாம் என்றால் போதும். பாரிஸும் போச்சு, டோக்கியோவும் போச்சு. ஒரு மாதமாக வேண்டிக்கொண்டது கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது.

"உங்கள வுட்டா எனக்கு இதெல்லாம் யாருக்கா சொல்லுவா?" என்றாள் சௌந்தர்யா.

இதற்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெருந்தேவி நிம்மதியாகச் சொல்லியிருப்பாள். நம்பிக்கொண்டு வந்து நிற்கிறாளே, பாவி! பெருந்தேவி விருட்டென்று சமையல்கட்டுக்குள் போனாள். உறை ஊற்றி வைத்திருந்த தயிரை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள்.

"சூலம் கீது. ஆனா தயிர் சாப்ட்டுக் கிளம்புனா ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். "காலைல ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய்..."

சௌந்தர்யா காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றைய தாள் இன்னும் கிழிபடாமல் தொங்கியது. வெள்ளிக்கிழமை. சூலம்: மேற்கு. பரிகாரம்: வெல்லம்.

அவள் அதை ஒரு தரம் படித்தாள். திரும்பி டப்பாவைப் பார்த்தாள். பிறகு பெருந்தேவியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்க வூட்ல வெல்லம் இல்லியாக்கா?"

குரலில் கோபம் இல்லை. சமையல்கட்டில் ஒரு டப்பா நிறைய வெல்லம் அன்றைக்கும் இருந்தது.

சௌந்தர்யா கை நீட்டித் தயிரை வாங்கிக்கொண்டாள். "வரேன்கா," என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல், சண்டை போடாமல் அப்படிப் போக முடிகிறதே அவளால் என்று பெருந்தேவிக்கு அப்போதும் வயிறு எரிந்தது.