கொம்பொடிந்த மாடு

அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் ரோசி. முடிச்சு இரண்டு முறை நழுவியது. கோயிலில் துக்க மணி அடித்தது. தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"பொட்டி வந்துக்கினு இருக்குது. நாலு மணிக்கு எடுத்துடலாம்" என்றான் பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு, சுவரைப் பார்த்து. புயலடித்ததிலிருந்து இந்த மூன்று மாதமாக அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தப் புயல் வெள்ளத்தில் தெருவில் ஐந்து வீட்டு மாடுகள் போயின. நான்கை ஆறு அடித்துக்கொண்டு போனது. அப்பா அமிர்தசாமியின் மாடு மட்டும் கொட்டகை சரிந்து அங்கேயே செத்துக் கிடந்தது. செத்த மாட்டைக் கண்ணால் பார்த்தால்தான் நிவாரணம் எழுதுவேன் என்றார் வந்த அதிகாரி. கடலுக்குப் போன மாட்டை எங்கே தேடுவது? சாமிக்கண்ணுதான் முதலில் வந்தான்.

"உன் மாட்டக் கொஞ்சம் குடு மாமா. காட்டிட்டு இழுத்தாந்துடறோம்."

செத்த மாட்டை இரவல் கேட்ட தெரு அது. அப்பா கொடுத்தார்.

"அவனுங்களும் பறிகுடுத்தவனுங்கதான" என்றார் ரோசியிடம்.

வாசலில் அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துப் பேச்சை வளர்த்தார்கள். கொல்லைப்புறமாக மாடு வீடு வீடாகப் போனது. சொந்த வீட்டுக்குக் கடைசியில்தான் வந்தது.

"இந்தக் கொம்பொடிஞ்ச மாட்ட அஞ்சாவது தபா பாக்கறேன்" என்றார் அதிகாரி. "யார் வூட்டு மாடு இது? நெஜத்தச் சொல்லு."

சொன்னால் நாலு வீட்டுக்கும் நிவாரணம் இல்லை. தெருவே அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் திறக்கவில்லை. எழுதிய நாலு பெயரையும் அடித்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதிகாரி அப்பாவின் பெயரை மட்டும் அடித்தார். பக்கத்தில் 'பொய் மனு' என்று எழுதினார். மாடும் போய் மானமும் போனது. மற்ற நாலு வீட்டிலும் நிவாரணப் பணத்தில் புது மாடு வந்தது.

அந்த இரண்டு வார்த்தையை எடுக்கச் சொல்லி அப்பா கம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தார். சாட்சி கேட்டார்கள். "நாளைக்கு வரேன் மாமா" என்று சாமிக்கண்ணு ஒவ்வொரு முறையும் சொன்னான். சேற்றிலும் மழையிலும் நடந்து நெஞ்சில் சளி கட்டியது. கடைசி வாரம் அப்பா படுத்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூடுமுன் கோயில் உபதேசியார் மரியசுந்தரம் கேட்டார். "அமிர்தசாமியப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?"

நாலு வீட்டு ஆண்களும் அங்கேதான் நின்றார்கள்.  இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்று ரோசி மனசுக்குள் கெஞ்சினாள். சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினான்.

"நல்ல மனுசன். யார் இன்னா கேட்டாலும் இல்லன்னு சொன்னதில்ல."

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டான். அவனை அப்படியே அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அப்பா காத்த வாயைத் தானும் காத்தாள். ஆணி அடித்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது சாமிக்கண்ணுவின் மனைவி ஜெயமணி தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்தாள்.

"குடி ரோசி. காலைலேர்ந்து பல்லுல பச்சத்தண்ணி படல."

"எந்த மாட்டுப் பாலு அக்கா?"

 ஜெயமணி நீட்டிய டம்ளரை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

ரோசி வாங்கிக் குடித்தாள். சொட்டுத் தண்ணீர் கலக்காத பால்.