சூட்டுப் பெட்டியில் வைத்த தட்டுகள்

ஃபேர்பேங்க்ஸில் குளிர்காலத்தில் மண் கல்லாக உறைந்துவிடும்; செத்தவனைப் புதைக்க முடியாது. மே மாதம் மண் இளகும்வரை ரோவனின் உடலைக் குளிர் அறையில் வைக்க ஏற்பாடாயிற்று. பிரார்த்தனை முடிந்ததும் அவன் மனைவி வில்லா, இருவரும் வேலை செய்த ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

குளிர்பெட்டியில் ரோவன் பாக்டீரியா வளர்த்த தட்டுகளைக் காணவில்லை. ஆற்றங்கரைச் சரிவொன்றின் உறைந்த மண்ணைத் துளைத்து அவன் எடுத்து வந்த இனம் அது. அந்தச் சரிவு போன கோடையில் உருகி ஆற்றோடு போய்விட்டது. உறையவைத்து ஒரு பிரதி எடுப்பதற்குள் அவனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

"தட்டெல்லாம் எங்க, கோல்பி?"

"சூட்டுப் பெட்டியில. ஆமை மாதிரி வளந்துச்சு. நீங்க வரும்போது நல்லா வளந்திருக்கட்டும்னு வச்சேன்."

கோல்பி புதியவன். அதுவரை குடல் கிருமிகளோடு வேலை செய்தவன். அவற்றுக்கு உடம்புச் சூடு வேண்டும்.

"குளிர்ல புரதம் சரியான வடிவத்துல மடியறதே கஷ்டம்டா. இதுக்குள்ள ஒரு நொதி இருந்து மடிச்சுக் குடுக்கும். சூடு பட்டா அந்த நொதியே குலைஞ்சிரும். ரோவன் சொல்லலையா?"

"சொன்னாரு. அந்த நொதிய, 'கை விறைச்சாலும் துணி மடிக்கிற ஆளு'ன்னு சிரிச்சாரு." கோல்பி சூட்டுப் பெட்டியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்தான். "பழக்கத்துல செஞ்சிட்டேன், வில்லா."

அவள் அவனைத் திட்டவில்லை. மிஞ்சியதைப் புதுத் தட்டுகளில் தீற்றிக் குளிரில் வைத்தாள். வாரக்கணக்கில் தினமும் திறந்து பார்த்தாள். எதுவும் வளரவில்லை.

மே மாதம் மண் இளகியது. ரோவனைக் குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்தார்கள்.