மலை சுருங்கிய வேகம்

நிலவியல் துறையின் தலைவிக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மலையம்மா. அவருடைய தம்பி மனைவியும் அதே துறையில்தான் ஆராய்ச்சி செய்தாள். சொந்தக்காரி என்று சலுகை காட்டுவதாக யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, மலையம்மா அவளிடம் மட்டும் கூடுதலாகவே கறார் காட்டுவார்.

அன்று காலைக் கூட்டத்தில் அவள் தன் முடிவைச் சொன்னாள். பாயைச் சுவரோடு தள்ளினால் மடிப்பு விழுவதுபோல, பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று நகர்ந்து தள்ளத் தள்ளப் பாறைகள் மடிந்து மலைத்தொடர் குறுகுகிறது. அந்த மடிப்புகளைக் கணக்கில் விரித்துப் பார்த்து, எந்தக் காலத்தில் எவ்வளவு குறுகியது என்று அளந்திருந்தாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு குறுகும் வேகம் பாதியாகியிருந்தது.

"அப்போ தள்ளுற தட்டே மெதுவாயிருக்கணும்," என்றாள்.

"ஏன், மலை ரிட்டயர்மென்ட் வாங்கிடுச்சா?" என்றார் மலையம்மா. "எங்கயோ ஒரு மடிப்பைக் கோட்டை விட்டிருக்கே. போய்த் தேடு."

அறையே சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

பிற்பகலில் கடலடி ஆய்வாளர் ஒருவர் பேச வந்தார். கடல் தரையில் பதிந்திருக்கும் காந்தக் கோடுகளைக் கொண்டு, அதே தட்டு முற்காலத்தில் நகர்ந்த வேகத்தைக் கணக்கிட்டிருந்தார். திரையில் வரைகோடு சரிந்தது. அதே காலம், அதே பாதி.

"உங்க மலை என்ன சொல்லுது மேடம்?" என்று விருந்தினர் கேட்டார்.

"எங்க கணக்குலயும் அப்போதான் வேகம் குறையுது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கைதட்டல் எழுந்தது. விருந்தினர் ஓடிவந்து கை குலுக்கினார். கடைசி வரிசையில் தம்பி மனைவி மட்டும் மடிக்கணினியின் ஒயரை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில், பாறை மாதிரிகள் அடுக்கிய அறையில் மலையம்மா அவளைப் பிடித்தார்.

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"காலைல கேலி பண்ணீங்களே, அதைக்கூடத் தாங்கிட்டேன்க்கா. உங்களுக்கு நம்பிக்கை வரல, அவ்வளவுதான். ஆனா 'எங்க'ன்னு சொன்னீங்க பாருங்க..." அவள் முடிக்கவில்லை. கல்லுக்கு எண் ஒட்டுவதற்குத் திரும்பிவிட்டாள்.

மலையம்மாவுக்குக் காது மடல்வரை கொதித்தது. முகம் கழுவினார்; கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. கூட்டம் மறுபடி கூடியதும் எழுந்து நின்றார்.

"'எங்க கணக்கு'ன்னு சொன்னேன். அது பொய். கணக்கு முழுக்க இவங்களோடது. காலைலதான் இதே முடிவைச் சொன்னாங்க. நான்தான் கேலி பண்ணி உட்கார வெச்சேன்."

விருந்தினர் நாற்காலியைத் தம்பி மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேள்விகளை அடுக்கினார். மடிப்பு விடுபட வாய்ப்பே இல்லையா? பாறையின் வயதை எப்படிக் கணித்தாள்? முதலில் திக்கியவள், பிறகு பலகைக்கே போய் வரைந்து காட்டினாள். மலையம்மாவிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டு, கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

மாலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, எல்லாம் சொன்னா. எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டதையும் சொன்னா."

"கோவமா இருக்காளாடா?"

"இருக்கா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்னியே... இந்த வாரம் வேண்டாம்க்கா."

"சரிடா," என்றார் மலையம்மா. ஏன் என்று கேட்கவில்லை.