போன பார்வை

பேருந்து ஓட்டுநர் கண் பரிசோதனைக்கு வந்ததே மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான். நம்பர் ஏறியிருக்கும், கண்ணாடியை மாற்றிக்கொண்டு மதியமே வண்டியை எடுத்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. சமீபத்தில் இரண்டு தடவை பேருந்தின் இடதுபக்கத்தைத் தேய்த்திருந்தார். சரியாகப் பார்த்துச் சொல்லவில்லை என்று இரண்டு தடவையும் கண்டக்டரைத்தான் காய்ச்சி எடுத்தார்.

எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பரிசோதனை செய்த பெண் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டதா?" என்று கேட்டுச் சீட்டு எழுதினாள்.

"மைனஸ் போட்டிருக்கறது தூரத்துக்கு. பழைய நம்பரேதான். கீழ பிளஸ் இருக்கே, அது படிக்கறதுக்குக் கூட்டிக்கறது."

"அப்ப கண்ணு கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க!"

அவள் சிரிக்கவில்லை. கண்ணின் அழுத்தம் பார்க்கும் கருவி காட்டிய எண்ணை மறுபடி பார்த்துவிட்டு, அவரை இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். வலது கண்ணை மூடி, தாடையைக் கருவியில் வைத்து, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவில் வந்த சில புள்ளிகளுக்கு அழுத்தினார், பிறகு விரலைத் தயாராக வைத்துக் காத்திருந்தார்.

"என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா? வெளிச்சமே வரலையே?"

"வந்துட்டேதான் இருக்கு, சார்."



டாக்டர் வெளியே உட்கார்ந்திருந்த மனைவியையும் உள்ளே கூப்பிட்டார். "கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கு. இடது கண்ணுல ஓரப் பார்வை பெரும்பாலும் போயிடுச்சு. வலது கண்ணுலயும் மூக்குப் பக்கம், அதாவது இடதுபக்கம், ஆரம்பிச்சிருக்கு. நேரா பாக்கறது நல்லா இருக்கறதால உங்களுக்குத் தெரியல."

"வேற நல்ல கண்ணாடியா போட்டா?"

"கண்ணாடியால இது சரியாகாதுங்க. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாத்தும். போனது வராது. இனிமே வண்டி ஓட்டாதீங்க."

மனைவி தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "நிலைக்கதவுல இடிச்சுக்கிட்டே இருந்தாரு, டாக்டர். தெருவுல நான் எப்பவும் இவருக்கு இடப்பக்கமாத்தான் நடப்பேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னப்பல்லாம் எரிஞ்சு விழுந்தீங்களே."

அவர் தன் பேருந்தை நினைத்தார். இடதுபக்கம்தான் படிக்கட்டு. பள்ளிப் பிள்ளைகள் பையும் தண்ணீர்ப் புட்டியுமாக முண்டியடித்து இறங்குவது அந்தப் பக்கம்தான். பேருந்தின் பக்கக் கண்ணாடியில் யாரும் தெரியவில்லை என்று எத்தனை தடவை வண்டியை நகர்த்தியிருப்பார்!

ஆஸ்பத்திரி வாசலில் நின்று பணிமனைக்குப் போனில் பேசினார்.

"நாளைக்கு வந்துடுவீங்கல்ல?" என்றார் மேலாளர்.

"வருவேங்க. ஓட்ட வர மாட்டேன்."

பிறகு பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலில் வேலை கொடுத்தார்கள். மருந்தை மனைவி தவறாமல் விட்டாள். பார்வை அதற்கு மேல் கெடவில்லை. வீட்டுக்குப் பேருந்தில்தான் போனார். ஓட்டுநர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள், முன்சீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அவர் கையை அசைத்துவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போய், சாலை கண்ணில் படாமல் குனிந்து உட்கார்ந்துகொள்வார்.