மைத்துனன் கொண்டுவந்த டப்பா

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆய்வக ஜன்னலில் டப்பாவைக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் தேநீர் குடிக்கக் கிளம்பினான் நீச்சல்குளத்துக்காரன். பத்தடி போவதற்குள் ஆய்வகப் பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, நில்லுங்க! டப்பாவை எதுல கழுவினீங்க?"

"பிளீச்சிங் பவுடர் தண்ணிலதாம்மா. மூணு தடவை. கொஞ்சம் உள்ளேயும் விட்டு வச்சிருக்கேன், ஒரு பாதுகாப்புக்கு."

பெருமையாகத்தான் சொன்னான். பதினைந்து வருடமாகக் குளத்துத் தண்ணீரில் குளோரின் கலந்து கிருமியைக் கொல்வதுதான் அவன் பிழைப்பு. "மாமா உடம்புக்குள்ள போற சமாச்சாரமாச்சே! ஒரு கிருமி இருக்காது."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கிருமிதாண்ணே எங்களுக்கு வேணும்! அதுவும் உயிரோட!"

டப்பாவில் இருந்தது அவனுடைய மலம். அதற்காகக் காத்திருந்தவர் அவன் அக்காவின் கணவர், தையல்காரர். நெஞ்சுச்சளிக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், சளியோடு சேர்த்து அவர் குடலிலிருந்த நல்ல கிருமிகளையும் துடைத்துவிட்டது. காலியான இடத்தில் ஒரு பொல்லாத கிருமி வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு மாதமாக ஓயாத வயிற்றுப்போக்கு. உடம்பில் பத்து கிலோ போய்விட்டது.

"குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்க வாத்தியார் மாதிரி" என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். "யாரை அடிக்கணும், யாரை விடணும்னு உடம்போட எதிர்ப்பு சக்திக்குச் சொல்லிக்கொடுக்கும். இப்ப வாத்தியாருங்க எல்லாம் போயாச்சு, ஒரு ரவுடி மட்டும் வகுப்புல. வேற நல்ல குடல்லேர்ந்து ஆள் கொண்டுவந்து இறக்கணும். அந்த ஆளுங்க மலத்துலதான் இருக்காங்க; அதைக் கரைச்சு வடிகட்டி, குழாய் வழியா இவர் குடல்ல விடுவோம்."

குடும்பத்தில் எல்லாரையும் சோதித்துப் பார்த்ததில் தேறியவன் இவன் ஒருவன்தான். 'கல்லைப் போட்டாலும் அரைக்கிற மில்லு' என்று பத்து வருடமாகத் தையல்காரர் கேலி செய்த அதே வயிறு.

அக்கா ஓடி வந்தாள். "ஏண்டா, உன் சுத்தத்துல இடி விழ! அவர் ராத்திரியெல்லாம் பேதி மருந்து குடிச்சுக் குடலைக் காலி பண்ணிட்டுக் கிடக்கார். ஒரு மணிக்கு மேல டாக்டரம்மா இருக்க மாட்டாங்களாம். விட்டா இன்னும் இருபது நாளாம்டா. தாங்குவாரா?"

அவன் முகம் சுருங்கியது. "இன்னொரு டப்பா குடுங்கம்மா" என்றான் ஆய்வகப் பெண்ணிடம். "கழுவ மாட்டேன். சத்தியமா."

டப்பா வந்தது. வரவேண்டியதுதான் வரவில்லை. வெந்நீர், இரண்டு காபி, நான்கு வாழைப்பழம், மாடிப்படியில் ஏழு தடவை ஏற்ற இறக்கம். கழிப்பறைக்குள் போனான், வெறுங்கையோடு வந்தான். வெளியே வரும்போதெல்லாம் அக்கா, ஆய்வகப் பெண், வார்டு உதவியாளர் மூவரும் தேர்வு முடிவு கேட்பதுபோலப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே வயிறு இறுகியது.

மணி பன்னிரண்டு. தையல்காரரை ஸ்ட்ரெச்சரில் வார்டுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கன்னம் ஒட்டிக் கிடந்தவர், நடையில் உலாத்தும் மைத்துனனைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, சாப்பாட்டுக்கு மட்டும் கடிகாரம் மாதிரி வருவே. இன்னிக்குன்னு பாத்து முள்ளு நின்னுடுச்சா?"

"மாமா, நீங்க வேற..."

"சாவி எங்கேன்னு சொல்லு, நான் வேணா குடுத்து விடறேன்."

அவன் குபீரென்று சிரித்தான். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். கண்கள் அகன்றன. அக்கா கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான்.

"வழி விடுங்கய்யா!" என்று கத்தினார் வார்டு உதவியாளர், அமைச்சர் வருவதுபோல.

மணி பன்னிரண்டே காலுக்கு டப்பா ஆய்வகத்துக்குள் போனது. ஒரு மணிக்குள் வாத்தியார்கள் வகுப்பில் இறங்கிவிட்டார்கள்.

நாற்பது நாள் கழித்து, இளைத்தபோது தன் பேன்ட் இடுப்பில் நாலு விரல் பிடித்திருந்த தையலைத் தானே பிரித்தார் தையல்காரர். வயிற்றுப்போக்கு முதல் வாரத்திலேயே நின்றிருந்தது. கடையைத் திறந்தாகிவிட்டது. அன்று மதியம் மைத்துனனும் சாப்பிட வந்திருந்தான், சரியாக ஒரு மணிக்கு.

மூன்றாம் முறை தட்டை நீட்டினார் தையல்காரர்.

"போதுங்க" என்றாள் மனைவி. "இது என் தம்பி சாப்பிடற அளவு."

"நானா கேக்கறேன்? உள்ள இருக்கிறவங்க கேக்கறாங்க. யாரோட ஆளுங்கன்னு உன் தம்பியவே கேளு."

வாய் நிறைய மென்றுகொண்டிருந்தவன் தன் தட்டையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். "என் ஆளுங்களைப் பட்டினி போடாதேக்கா. ரெண்டு இடத்துலயும் போடு."